டே கேர் தொழில்: மாதம் ரூ.2.40 லட்சம் வசூல்... கையில் நிற்பது எவ்வளவு?

குழந்தையை டே கேரில் விடும் தம்பதிக்கு மாதம் 8,000 ரூபாய் அதிகமாகத் தெரிகிறது. அந்தக் குழந்தைக்கு டயபர் மாற்றி, சோறு ஊட்டி, தூங்க வைக்கும் ஆயாம்மாவுக்கு 11,000 ரூபாய் சம்பளம் போதவில்லை. டே கேர் நடத்துபவரோ, ‘மாசக் கடைசியில ஒண்ணும் மிஞ்சலைங்க’ என்பார். மூன்று பேரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். உட்கார்ந்து கணக்குப் போட்டால், மூவரும் சொல்வது உண்மையாக இருக்க முடியும் என்பது தெரிகிறது.

அது எப்படி? இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது, நன்றாக ஓடுவதுபோலத் தெரியும் டே கேர்கள்கூட ஏன் திடீரென்று ஷட்டரை இழுத்து மூடுகின்றன?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 50 ஊழியர்கள் இருக்கும் நிறுவனங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்கிறது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். இது முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோதே இந்த விதி வந்துவிட்டது.

தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி வேறு. நிறுவனம் தானே காப்பகம் கட்ட வேண்டியதில்லை. அரசு, உள்ளாட்சி அமைப்பு, தனியார், தொண்டு நிறுவனம் என யார் நடத்தும் பொதுக் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதாவது, ஓ.எம்.ஆர். சாலையிலோ அவிநாசி சாலையிலோ டே கேர் நடத்தும் ஒருவரிடம் ஐ.டி. நிறுவனத்தின் எச்.ஆர். வந்து ‘எங்களுக்குப் பதினைந்து சீட் வேணும்’ என்று கேட்க இப்போது கூடுதல் காரணம் இருக்கிறது.

தேவை இருப்பதில் சந்தேகமில்லை. 2024-ல் நடந்த மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் 15 முதல் 59 வயதுப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 74 நிமிடம். இதில் ஒரு பகுதியைத்தான் டே கேர் விலைக்கு வாங்கிக்கொள்கிறது. சந்தை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பின்னே ஏன் லாபம் இல்லை?

கணக்கைப் போட்டுவிடுவோம்

சென்னைப் புறநகரில் 30 குழந்தைகளுக்கான ஒரு டே கேர் என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் புரிவதற்காகப் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் மாறும்.

கட்டணம் 8,000 ரூபாய். 30 சீட்டும் நிரம்பினால் வசூல் 2,40,000. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

இனி செலவு. வாடகை 60,000. பொறுப்பாளர் ஒருவருக்கு 22,000, பராமரிப்பாளர்கள் மூவருக்குத் தலா 15,000, ஆயாம்மாக்கள் இருவருக்குத் தலா 11,000 என்று சம்பளம் மட்டும் 89,000. கரண்ட், ஏசி, சிசிடிவி, இன்டர்நெட்டுக்கு 14,000. சுத்தம், ரிப்பேர், இன்சூரன்ஸ் வகையில் 9,000. மொத்தம் 1,72,000 ரூபாய். ஒரு குழந்தை வந்தாலும் முப்பது வந்தாலும் இது மாறாது.

குழந்தைக்குக் குழந்தை கூடும் செலவு என்பது சாப்பாடு, பால், டிஷ்யூ, கிரேயான் வகையறா. தலைக்கு 1,400 என்று வைக்கலாம். ஆக, 8,000 கட்டணத்தில் 1,400 போக, ஒவ்வொரு குழந்தையும் அந்த 1,72,000-ஐ அடைக்கத் தரும் பங்கு 6,600 ரூபாய்.

30 குழந்தைகள் இருந்தால் மாதம் 26,000 ரூபாய் மிஞ்சும். 26 குழந்தைகள் என்றால் 400 ரூபாய் நஷ்டம், கிட்டத்தட்ட பூஜ்யம். 22 பேர் என்றால் 26,800 ரூபாய் சொந்தக் காசைப் போட வேண்டும். நான்கு குழந்தைகள்தான் வித்தியாசம். ஓர் அப்பார்ட்மென்ட்டில் இரண்டு குடும்பம் வீடு மாறி, ஒரு வீட்டுக்குப் பாட்டி ஊரிலிருந்து வந்து, ஒரு அம்மா வேலையை விட்டால் போதும். அந்த மாதத்து லாபம் காலி.

இதில் உரிமையாளரின் சம்பளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பலர் தாங்களே பொறுப்பாளராக உட்கார்ந்து அந்த 22,000-ஐ மிச்சம் பிடிப்பார்கள். அப்போது கையில் 48,000 நிற்கும். அதில் 22,000 அவர் உழைப்புக்கான கூலி. அதையும் சேர்த்து ‘லாபம்’ என்று எண்ணிக்கொண்டு இரண்டாவது கிளை திறக்கப் போனால், அங்கே உட்கார வேறொருவருக்குச் சம்பளம் கொடுக்கும்போதுதான் உறைக்கும்.

கடன் இருந்தால் கதை இன்னும் இறுகும். முத்ரா திட்டத்தில் சேவைத் தொழில்களுக்கும் பிணை இல்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம் (தருண் பிரிவில் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை). 10 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 22,240 ரூபாய். எல்லா சீட்டும் நிரம்பிய மாதத்தின் 26,000-ல் இது போனால் மிச்சம் என்ன என்று சொல்லவே வேண்டாம்.

முதல் பத்து மாதம்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. சுவரில் கார்ட்டூன், ரப்பர் தரை, வண்ண நாற்காலி, சறுக்கு மரம், வாசலில் பெரிய போர்டு. கடையின் மாதக்கணக்கு அட்வான்ஸையும் கொடுத்து, இன்டீரியரையும் முடித்தபோது கையிலிருந்த பணம் தீர்ந்திருக்கும். திறப்பு விழா போட்டோ இன்ஸ்டாகிராமில் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் முதல் நாளே 30 குழந்தைகள் வந்துவிட மாட்டார்கள். 8 குழந்தைகளோடு ஆரம்பித்து, மாதத்துக்கு இரண்டு பேர் வீதம் கூடுகிறார்கள் என்று வைப்போம். முதல் மாத நஷ்டம் 1,19,200. இரண்டாவது மாதம் 1,06,000. இப்படியே குறைந்து பத்தாவது மாதம்தான் 26-ஐத் தொடும். அதுவரை சேர்ந்த நஷ்டம் 5,98,000 ரூபாய். ஏறக்குறைய ஆறு லட்சம். ஊழியர்களைப் படிப்படியாகச் சேர்த்தால் இந்தத் தொகை குறையும். வாடகை மட்டும் குறையாது.

இந்த ஆறு லட்சம் ‘எதிர்பாராத செலவு’ அல்ல. முதல் நாளே தெரிந்த செலவு. இன்டீரியர் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாதவர்கள் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் நகையை அடகு வைக்கப் போகிறார்கள்.

பிப்ரவரியில் பணக்காரர், மே மாதத்தில் கடனாளி

மாத வருமானம் வரும் தொழில்தானே என்று நினைத்தால், டே கேருக்கென்று ஒரு பருவநிலை இருக்கிறது. மூன்று வயது முடிந்தவர்கள் எல்கேஜிக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல், மே வந்தால் தாத்தா பாட்டி ஊருக்குப் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். ‘ரெண்டு மாசம் வர மாட்டான், ஃபீஸ் கட்டணுமா?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஹவுஸ் ஓனர் வாடகை கேட்பாரே.

நம் மாதிரி டே கேரில் மே, ஜூன் இரண்டு மாதமும் 20 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், மாதம் 40,000 வீதம் 80,000 ரூபாய் நஷ்டம். நிரந்தரமாக விலகும் ஆறு பேருக்கு, சேரும்போது வாங்கிய டெபாசிட் 8,000 வீதம் திருப்பித் தர வேண்டும். அது 48,000. இரண்டு மாதத்தில் வெளியே போவது 1,28,000. அதாவது, 30 சீட்டும் நிரம்பியிருந்த ஐந்து மாதத்து லாபம் மொத்தமும்.

இந்தப் பள்ளத்தைச் சமாளிக்கத்தான் சிலர் பள்ளிக் குழந்தைகளுக்கு சம்மர் கேம்ப் நடத்துகிறார்கள். சிலர் விடுமுறையில் சீட்டைப் பிடித்து வைக்கப் பாதிக் கட்டணம் வாங்குகிறார்கள். பெற்றோருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் சேரும் நாளிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால் சண்டை வராது. மே மாதம் வாட்ஸ்அப்பில் திடீரென்று சொன்னால்தான் வரும்.

உண்மையான ஆபத்து டெபாசிட்டில் இருக்கிறது. 30 குழந்தைகள், தலா ஒரு மாதக் கட்டணம் டெபாசிட் என்றால் வங்கிக் கணக்கில் எப்போதும் 2,40,000 ரூபாய் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். கூடவே ‘மூன்று மாதக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்று வாங்கிய பணமும் இருக்கும். செல்போனில் பேலன்ஸ் பார்த்தால் கை நிறையக் காசு. அதை எடுத்து ஏசி மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள்.

அந்தப் பணம் டே கேருடையது அல்ல. டெபாசிட் பெற்றோருடையது, முன்பணம், இனிமேல் செய்ய வேண்டிய வேலைக்கான கூலி. கணக்கு எழுதுபவர்கள் இதைப் பொறுப்பு என்ற தலைப்பில்தான் எழுதுவார்கள். சுலபமான வழி, டெபாசிட்டுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து அதன் ஏடிஎம் கார்டை வீட்டில் விட்டுவிடுவதுதான். முன்பணத்தையும் அந்தக் கணக்கிலேயே போட்டு, மாதம் பிறக்கும்போது அந்த மாதத்துக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆயிரம் கிளை இருந்தால் தப்பிக்கலாமா?

சின்னதாக இருப்பதால்தான் இந்தப் பிரச்சினை, பெரிதாக வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும்.

ஏபிசி லேர்னிங் என்ற நிறுவனம் 1988-ல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு மையத்தோடு ஆரம்பித்தது. நிறுவியவர் எடி க்ரோவ்ஸ். 2001-ல் பங்குச்சந்தையில் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் போட்டி நிறுவனங்களை வாங்கி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட மையங்கள் என்ற அளவுக்குப் போனது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய சங்கிலிகளை வாங்கியது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களில் உலகிலேயே பெரியது என்று பெயர் எடுத்தது. 2008 நவம்பரில் திவால்.

எங்கே வழுக்கியது? புதிய மையம் திறந்தால் நிரம்பக் காலம் எடுக்கும் என்று பார்த்தோம் அல்லவா, நம் மாதிரியில் அந்த ஆறு லட்சம்? ஏபிசிக்கும் அதே பிரச்சினைதான். சீட் நிரம்பும்வரை ஏற்படும் குறையை ஈடுகட்ட, கட்டடம் கட்டித் தந்த டெவலப்பர்களிடமிருந்து பணம் வாங்கியது. அதை வருமானமாகக் கணக்கில் காட்டியது. புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும்வரை இந்தப் பணமும் வந்துகொண்டே இருக்கும், லாபமும் நன்றாகத் தெரியும். குழந்தைகளின் கட்டணத்திலிருந்து வந்த லாபம் எவ்வளவு என்பது அதற்குள் மறைந்துபோனது.

இன்னொன்று, சொத்துப் பட்டியல். வாங்கிய மையங்களின் உரிமங்களுக்கு ஏபிசி பெரிய மதிப்புப் போட்டு வைத்திருந்தது. சொத்தில் பெரும்பங்கு இந்தக் காகித மதிப்புதான். அதைக் காட்டித்தான் கடன் மேல் கடன் வந்தது. புதிதாக வந்த ஆடிட்டர்கள் பழைய கணக்குகளைக் கிளறியபோது லாபத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2008 பிப்ரவரியில் லாபச் சரிவு வெளியானதும் பங்கு விலை நொறுங்கியது.

நிறுவனம் விழுந்தபோது 1 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அதன் மையங்களில் இருந்தார்கள். மறுநாள் காலை மையம் திறக்குமா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. திறக்காவிட்டால் அவர்களும் வேலைக்குப் போக முடியாது. அரசு வேறு வழியில்லாமல் முதலில் 2.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து கதவுகளைத் திறந்து வைத்தது. பிறகு இன்னும் கொடுத்தது. மையங்களைப் பிரித்துப் பார்த்தபோது 241 மையங்கள் லாபத்தில் ஓட வாய்ப்பே இல்லாதவை என்று தனியே ஒதுக்கப்பட்டன.

கடைசியில் சுமார் 650 மையங்களை 9.5 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? குட்ஸ்டார்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. நான்கு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து இதற்காகவே உருவாக்கியது. அதே கட்டடம், பெரும்பாலும் அதே ஊழியர்கள். இன்றும் நடக்கிறது. தொழில் அடிப்படையில் ஓடக்கூடியதாகத்தான் இருந்தது; அதன் மேல் ஏற்றிய கடனையும் வளர்ச்சி வேகத்தையும்தான் அதனால் தாங்க முடியவில்லை.

நம் தெரு டே கேர் டெபாசிட்டை எடுத்து ஏசி வாங்குவதும், ஏபிசி டெவலப்பர் பணத்தை வருமானம் என்று எழுதியதும் அளவில்தான் வேறு.

சம்பளத்தில் கைவைத்தால்?

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோர் கண்ணும் சம்பளத்துக்குப் போகும். மொத்த நிலையான செலவில் பாதிக்கு மேல் அதுதானே. ஒரு பராமரிப்பாளரை நிறுத்தினால் மாதம் 15,000 மிச்சம். 26,000 லாபம் 41,000 ஆகிவிடும். பேப்பரில் அழகான முடிவு.

நிறுவனக் காப்பகங்களுக்காக மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பராமரிப்பாளர், 3 முதல் 6 வயதுவரை 20 பேருக்கு ஒருவர், கூடவே உதவியாளர் என்பது அதன் அளவுகோல். நம் மாதிரியில் 15 பேர் மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அவர்களுக்கு இருவர், மற்ற 15 பேருக்கு ஒருவர். அதனால்தான் மூன்று பேர். ஒருவரை நிறுத்தினால் தவழும் குழந்தையும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தையுமாகப் பதினைந்து பேரை ஒரே ஆள் பார்க்க வேண்டும். பதினைந்து வேண்டாம், வீட்டில் இரண்டு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

பணக் கணக்காகவே பார்த்தாலும் இது எடுபடாது. கவனிப்பு குறைந்தது தெரிந்து மூன்று பெற்றோர் குழந்தையைக் கூட்டிப் போய்விட்டால் போகும் தொகை 19,800. மிச்சம் பிடித்தது 15,000.

இன்னொரு செலவு எந்த ரசீதிலும் வராது. குழந்தை ஒட்டிக்கொண்ட ஆயாம்மா, 1,500 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பக்கத்துத் தெருவுக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடுகிறார். ஒரு வாரம் குழந்தை அழுகிறது. பெற்றோர் பயப்படுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு எந்தக் குழந்தைக்கு என்ன அலர்ஜி என்று தெரிய ஒரு மாதம் ஆகிறது. அந்த 1,500-ஐக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கலாம். வருடத்துக்கு 18,000 ரூபாய்தான். ஒரு குழந்தை மூன்று மாதம் இருந்தாலே வந்துவிடும்.

கிளைகள் கூடும்போது இன்னொன்றையும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கிளையில் ஆறு ஊழியர்கள். இரண்டு கிளை என்றால் பன்னிரண்டு. பத்தைத் தொட்டாலே இஎஸ்ஐ வந்துவிடும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். நம் கணக்கில் மாதம் 4,355 ரூபாய். இருபது பேரைத் தொட்டால் பிஎஃப். இவை பாரம்போலத் தெரிந்தாலும், ஜவுளிக்கடைக்குப் போக நினைக்கும் ஆயாம்மாவை நிறுத்துவதில் மருத்துவ வசதிக்கு ஒரு பங்கு இருக்கிறது.

மறந்துபோகும் 18 சதவீதம்

30 குழந்தைகள், 8,000 கட்டணம் என்றால் வருட வசூல் 28.8 லட்சம். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். அதைத் தாண்டிவிட்டோம்.

மழலையர் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு கல்விக்கு. பாடத்திட்டத்தோடு நடக்கும் ப்ளே ஸ்கூலும், காலை முதல் மாலை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டே கேரும் வரி அதிகாரியின் கண்ணில் ஒன்றல்ல. நம்மில் பலர் இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே ரசீதில் நடத்துகிறோம் என்பதுதான் சிக்கல்.

வரி விழுந்தால் என்ன ஆகும்? பெற்றோரிடம் கேட்டால் 8,000 என்பது 9,440 ஆகும். ‘நானே பார்த்துக்கிறேன்’ என்று உரிமையாளர் ஏற்றுக்கொண்டால் குழந்தைக்குச் சுமார் 1,220 வீதம் மாதம் 36,600 போகும். முழு லாபமே 26,000-தான். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் அபராதமும் வட்டியும் தனி. வசூல் 20 லட்சத்தை நெருங்கும் முன்பே ஆடிட்டரிடம் போய், ரசீதை எப்படிப் பிரிப்பது, எது விலக்கில் வரும் என்று கேட்டுவிடுவதற்கு ஆகும் ஃபீஸ் இதில் ஒரு துளிகூட இல்லை.

நிறுவனங்களின் பணம் எப்போது வரும்?

சட்டத் தொகுப்பால் வரக்கூடிய நிறுவன ஒப்பந்தங்கள் நல்ல செய்திதான். பதினைந்து சீட் நிரந்தரமாக நிரம்பினால் மே மாதத் தூக்கமின்மை போய்விடும். ஆனால் பெற்றோர் ஐந்தாம் தேதிக்குள் ஜிபே செய்வார்கள். நிறுவனங்கள் இன்வாய்ஸ் வாங்கி, அப்ரூவல் போட்டு, அறுபது நாள் கழித்துத் தருவார்கள். மாதம் 1,20,000 என்றால் எந்நேரமும் 2,40,000 வெளியே நிற்கும். ஆயாம்மா அறுபது நாள் காத்திருப்பாரா?

இங்கே ஒரு சட்டப் பிடிமானம் இருக்கிறது. உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்த சிறு, குறு நிறுவனங்களுக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைவிடப் பலமானது 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த வருமான வரி மாற்றம். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும்வரை வாங்கிய நிறுவனம் தன் செலவாகக் காட்ட முடியாது. அதனால் பெரிய நிறுவனங்களின் அக்கவுன்ட்ஸ் துறையே இப்போது ‘நீங்க உத்யம் பதிவு வச்சிருக்கீங்களா?’ என்று முதலில் கேட்கிறது. பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுங்கள்.

ஒரே நிறுவனத்துக்கு இருபது சீட் கொடுப்பதிலும் யோசனை தேவை. அவர்கள் வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு மாறினாலோ, அலுவலகத்தை வேறு பக்கம் கொண்டுபோனாலோ ஒரே நாளில் இருபதும் காலியாகும். கொரோனா காலம் மறந்திருக்காது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய ப்ளே ஸ்கூல்கள் திறக்க 2022 பிப்ரவரி ஆனது. ஏறக்குறைய இரண்டு வருடம். அப்படியொரு இடைவெளியை எந்தச் சேமிப்பும் தாங்காது. ஆனால் மூன்று மாத வாடகையும் சம்பளமும், நம் மாதிரியில் 4,47,000 ரூபாய், கையில் இருந்தால் சாதாரணச் சரிவுகளைத் தாண்டலாம். முழுதாக நிரம்பிய டே கேர் இதைச் சேர்க்கவே பதினெட்டு மாதம் ஆகும். அதற்குள் இரண்டாவது கிளை பற்றிப் பேசுபவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

8,000 கட்ட முடியாதவர்கள்?

இந்தக் கணக்கு முழுவதும் 8,000 ரூபாய் கட்டக்கூடிய வீட்டை நம்பி நிற்கிறது. ஜவுளிக்கடையில் 12,000 சம்பளம் வாங்கும் அம்மாவுக்கு இதில் இடமில்லை. நம் டே கேரிலேயே வேலை பார்க்கும் ஆயாம்மாவால், தன் குழந்தையை அங்கே கட்டணம் கட்டிச் சேர்க்க முடியாது. கட்டணத்தை 5,000-ஆகக் குறைத்தால்? பங்கு 3,600 ஆகிவிடும். 1,72,000-ஐ அடைக்க 48 குழந்தைகள் வேண்டும். 30 பேருக்கான இடத்தில் 48 பேர் எப்படி? ஆட்களும் அதிகம் வேண்டும். வாடகையையும் சம்பளத்தையும் யாராவது ஏற்றுக்கொள்ளாமல் குறைந்த கட்டணத்தில் தரமான டே கேர் நடக்காது. இது நிர்வாகத் திறமையால் தீரும் விஷயமல்ல.

அந்த ‘யாராவது’ அரசுதான். அங்கன்வாடிகள் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தாலும், ஆறு மணிக்கு வேலை முடியும் அம்மாவுக்கு அவற்றின் நேரம் பொருந்துவதில்லை. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்காக மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இருக்கிறது. செலவைப் பெரும்பாலான மாநிலங்களுடன் 60:40 என்று பகிர்கிறது. நாடு முழுவதும் 17,000 மையங்கள் என்பது இலக்கு. வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கைக்கு முன் இது மிகச் சிறியது என்பது என் கருத்து.

நீங்கள் பெற்றோர் என்றால்

‘ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி’ என்று சொன்னால், 9,600 ரூபாய் மிச்சம்தான். ஆனால் 86,400 ரூபாயைக் கட்டிவிட்டு, ஐந்தாவது மாதக் கடைசியில் டே கேர் மூடப்பட்டால், பயன்படுத்தியது 40,000-க்குத்தான். மீதி 46,400-ஐ யாரிடம் கேட்பது? மாதாமாதமோ, அதிகபட்சம் மூன்று மாதத்துக்கோ கட்டுவது நல்லது. வருடக் கட்டணத்தைத் திடீரென்று வற்புறுத்திக் கேட்டால், பணம் எங்கோ இறுகுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

சேர்க்கும்போது இங்கே மொத்தம் எத்தனை சீட், இப்போது எத்தனை பேர், ஆயாம்மா எவ்வளவு நாளாக இருக்கிறார் என்று கேளுங்கள். டெபாசிட்டுக்குத் தனி ரசீது வாங்குங்கள். விலகினால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது அந்த ரசீதிலேயே எழுதியிருக்க வேண்டும். மே மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.